கொக்கி கையில்தான் இருந்தது

கழுத்து திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் உடம்பையே சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது, சந்துக்குள் லாரியைத் திருப்புகிற மாதிரி. விடிந்ததிலிருந்து சர்க்கரை மூட்டை இறக்கிய வலி பாதி, ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழித்துக் கிடந்த வலி பாதி. மொத்தச் சந்தையில் அவனுக்குக் கழுத்தன் என்றுதான் பேர். பிடரியில் எருமைக்கு இருப்பதுபோலச் சதை திரண்டு கிடக்கும். அந்தச் சதையில் மூட்டையைச் சாத்திச் சாத்தித்தான் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான். கட்டிக்கொடுத்ததும் இதே சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருத்தனுக்குத்தான்.

தலையிலிருந்த துண்டை உதறிவிட்டு டீக்கடைக்குள் நுழைந்தான். உள்ளே டிவியில் அவனே இருந்தான்.

"வழி விடுங்கப்பா, பெரிய மனுசன் வர்றாரு," என்றான் பலகை. லாரிக்கும் கோடவுனுக்கும் நடுவே பலகை போடுகிறவன் அவன். வாயும் பலகை மாதிரிதான், எங்கே வேண்டுமானாலும் போடுவான். "டீ குடிக்கக்கூட கேமரா கூட்டிட்டு வருவியா, கழுத்தா?"

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் அதிகம் உறைத்தது.

டிவியில் வேர்வை வழிகிற முகத்தோடு கழுத்தன் சொன்னான்: "கொக்கி கையிலதான் இருந்துச்சு. அது இல்லாம இருப்பானா?" சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது: 'கையில் இரும்புக் கொக்கி: சக தொழிலாளி ஒப்புதல். தற்காப்புக்காகவே தடியடி: காவல்துறை விளக்கம்.'

அவன் டீயை வாங்கினான். குடிக்கத் தலையை அண்ணாந்தால் கழுத்து பிடித்தது. டம்ளரைத் தூக்க முடியாமல் வாயை டம்ளருக்குக் கொண்டுபோனான்.

நடந்தது இதுதான். சந்தை வாசலில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று சாலை அடைத்துப் போயிற்று. போலீஸ் வந்தது. இறக்குவதை நிறுத்தி லாரியை எடு என்றார்கள். பலகையில் பாதி வழியில் ஆள் மூட்டையோடு நிற்கும்போது லாரியை எடுத்தால் ஆளும் மூட்டையும் தரையில்தான். அதைச் சொன்னது தங்கச்சி வீட்டுக்காரன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தான் என்கிறார்கள். வார்த்தை தடித்தது. லத்தி இறங்கியது. மண்டை பிளந்து, மணிக்கட்டு முறிந்து, இப்போது ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலோடு கிடக்கிறான். போலீஸ்காரரைக் கொக்கியால் கொத்தவந்தான் என்று கேஸ். அது கோர்ட்டில் நிரூபணமானால் ஜெயில்தான், வருசக்கணக்கில்.

பலகையில் பாதி வழியில் மூட்டையோடு நின்ற ஆள் கழுத்தன்.

மைக்கோடு வந்த பெண் அன்றைக்கு அவனைத்தான் பிடித்தாள். "அவர் கையில கொக்கி இருந்துச்சா?" என்று கேட்டாள். சந்தையில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். மூட்டையைக் குத்தி இழுத்துத் தூக்கக் கொக்கி இல்லாமல் வருகிறவனை மேஸ்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கொக்கி இருந்ததா என்றால், ஆள் ஒழுங்காக வேலைக்கு வந்தவனா, இல்லை குடித்துவிட்டுச் சும்மா நின்றவனா என்று அர்த்தம். வம்பு பண்ண வந்த வெளியாள் என்று போலீஸ் சொல்வதாக அதற்குள் வாசலில் பேச்சு அடிபட்டது. அதனால் கழுத்தன் மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுத்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தான்.

அந்த நற்சான்றுதான் சிவப்புப் பட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"கடைசியில சொன்னேன்டா," என்றான் பலகையிடம். "மூட்டை தூக்கத்தான் வச்சிருந்தான், வேற எதுக்கும் இல்லன்னு சொன்னேன். வெட்டிட்டானுங்க."

"நாங்க நம்புறோம். கோர்ட்டு நம்பணுமே," என்றான் பலகை, குடித்த டம்ளரைத் தொட்டியில் போட்டபடி.

மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போனான். கதவு திறந்துதான் இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூத்தவனாயிற்றே என்று ஸ்டூலை மட்டும் காலால் நகர்த்திவிட்டாள்.

"வக்கீல் வந்தாரு," என்றாள் துணியைப் பார்த்துக்கொண்டே. "திங்கக்கிழமை விசாரணை அதிகாரி வர்றாராம். பக்கத்துல இருந்த ஒரே ஆளு நீதானாம். உன்னைத்தான் கேப்பாங்களாம்."

"கேக்கட்டும். சொல்றேன்."

"என்ன சொல்லுவே?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"டிவில சொன்ன மாதிரியா?"

 வெட்டிட்டாங்க என்ற வார்த்தையை இவளிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று. வாய்க்கே சலித்துவிட்டது.

"இதையாவது பாரு," என்று போனை நீட்டினாள். "சங்கத்துல எல்லாருக்கும் அனுப்பிருக்காங்க. இப்ப என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

பார்த்தான். போலீஸ்காரன் ஒருத்தன், தரையில் சுருண்டு கிடக்கிற ஆளை மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறான். கிடக்கிறவன் கையைத் தலைக்கு மேலே வைத்து மறைக்கிறான். முகம் தெரியவில்லை. பின்னால் மூட்டைகள். 'நமது சந்தையில் நடந்த கொடூரம்' என்று மேலே எழுதியிருந்தது.  அவன் கண் தன் பழக்கத்தில் கீழே போயிற்று.

மூட்டையைப் பிடரியில் சாத்திக் குனிந்து நடக்கிறவனுக்கு உலகமே முழங்காலுக்குக் கீழேதான். எதிரே வருகிறது யார் என்பதைச் செருப்பை வைத்துத்தான் கழுத்தன் சொல்வான். முதலாளியின் மெருகேறிய தோல் செருப்பு, மேஸ்திரியின் ஒரு பக்கம் தேய்ந்த குதி, பலகையின் வெறுங்கால். தரையையும் அப்படித்தான் தெரியும், எந்த இடத்தில் வழுக்கும், எந்த இடத்தில் தடுக்கும் என்று.

"இது நம்ம வாசல் இல்லம்மா."

"என்ன?"

"நம்ம வாசல்ல கல்லு பாவியிருக்கும். இது சிமெண்டுத் தரை. அடி வாங்குறவன் பூட்ஸ் மாதிரி என்னமோ போட்டிருக்கான் பாரு. மாப்ள போட்டிருந்தது ரப்பர் செருப்புதானே. இது வேற எங்கயோ நடந்தது."

தங்கச்சி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அடிக்கிறது போலீசு. அடி வாங்குறவன் மூட்டை தூக்குறவன். தரையை எதுக்கு நீ பாக்குறே? உன் கண்ணுக்குத் தரைதான் தெரியுமா?"

"பொய்யாச்சேம்மா."

"எது பொய்? அவரை அடிக்கலியா? மண்டையில தையல் போட்டது பொய்யா? டிவில அவரை ரவுடின்னு காட்டுறானே, அது உண்மையா?" மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "ஊரே நமக்காக ஒண்ணு அனுப்புது. அதையும் கெடுக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? கழுத்தனாம் கழுத்தன். கழுதைன்னுதான் பேர் வச்சிருக்கணும்."

 அவள் சொன்னதில் எதுவும் கழுத்தனுக்குத் தப்பாகத் தெரியவில்லை. தான் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்றுதான் விளங்கவில்லை. உண்மையான அடிக்குப் பொய்யான படம். பொய்யான கேஸுக்கு அவனுடைய உண்மையான வாய்.

"டிவி ஆபீசுக்கே போறேன்," என்று எழுந்தான். "வெட்டுனதை ஒட்டச் சொல்றேன்."

"ஒட்டுவாங்க, ஒட்டுவாங்க," என்றாள் அவள். "குளிச்சிட்டாவது போ. மறுபடியும் படம் எடுத்துறப் போறாங்க."

அவன் குளிக்காமல்தான் போனான். டிவி ஆபீஸ் மாடியில் இருந்தது. உள்ளே பனி மாதிரிக் குளிர். வேர்த்த சட்டை முதுகில் ஈரச்சாக்குப்போல ஒட்டியது. வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "டெலிவரியா?" என்றார். பேர் கேட்டு, போன் போட்டு, காத்திருக்கச் சொன்னார். சுவர் முழுக்க டிவிகள். ஒன்றில் சமையல், ஒன்றில் மழை, ஒன்றில் மாப்பிள்ளை.

மைக்குப் பெண் தன் மேசையில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். டிவியில் தெரிவதைவிடச் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"வாங்கண்ணா. உக்காருங்க."

"உக்கார வரலம்மா. நான் சொன்னதை ஏன் வெட்டுனீங்க?"

"எதை?"

"மூட்டை தூக்கத்தான் வச்சிருந்தான்னு சொன்னேன்ல. அதை."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னதுல நான் ஒரு வார்த்தை வெட்டலண்ணா."

"பொய் சொல்லாதம்மா. என் தங்கச்சி என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்குறா."

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். திரையைத் திருப்பி வைத்தாள். சந்தை வாசல், அழுகைச் சத்தம், தள்ளுமுள்ளு, அதன் நடுவில் அவன் முகம். "அவர் கையில கொக்கி இருந்துச்சா?" "கொக்கி கையிலதான் இருந்துச்சு. அது இல்லாம இருப்பானா?" சிரிப்பு. பிறகு எங்கேயோ மேஸ்திரியின் குரல், "ஏய், மழை வருதுடா, மூட்டையை உள்ள ஏத்துங்கடா." திரையிலிருந்த கழுத்தன் அந்தப் பக்கம் திரும்பினான், ஓடினான். வெறும் சுவர் தெரிந்தது. அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். மறுபடியும் ஓடினான்.

மூட்டை தூக்கத்தான் என்று சொன்ன மாதிரியேதான் அவனுக்கு ஞாபகம். மைக்கைப் பார்த்துச் சொன்னது, அவள் தலையாட்டியது, எல்லாமே ஞாபகம் இருந்தது. எங்கே சொன்னான்? தங்கச்சியிடம் சொன்னான். பலகையிடம், வக்கீலிடம், இருட்டில் படுத்துக்கொண்டு மோட்டுவளையிடம். மைக்கிடம் மட்டும் சொல்லவில்லை.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

"கீழ ஓடுற எழுத்து உங்களுதுதானே," என்றான். "ஒப்புதல்னு. நான் என்னத்தை ஒப்புக்கிட்டேன்?"

"அது டெஸ்க்குல உக்காந்து எழுதுறவங்க போடுறது. நான் போடல." அவளுக்கும் அது பதில் இல்லை என்று தெரிந்திருந்தது. "நானும் கேட்டேண்ணா. மாத்தினா பெரியவர்கிட்ட கேக்கணும்னாங்க. பெரியவர் ஊர்ல இல்லன்னாங்க."

"போலீசு தற்காப்புன்னு போட்டீங்களே, அதை யாரு பாத்தது?"

"போலீஸ் சொன்னது."

"போலீசு சொன்னா அப்படியே போட்டுருவீங்களா?"

"அவங்க சொன்னா அப்படியே போகும். வேற யாரு சொன்னாலும் ரெண்டு பேருகிட்ட விசாரிக்கணும்." டப்பாவை மூடினாள். "இங்க வழக்கம் அப்படி. நான் வச்ச வழக்கம் இல்ல. நாங்க போடுற சம்பவ வீடியோவும் போலீஸ் குடுத்ததுதான். பாக்குறீங்களா?"

அதை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான். இருந்தாலும் பார்த்தான். ஆரம்பத்திலேயே மாப்பிள்ளையின் கை மேலே இருந்தது. கையில் கொக்கி. போலீஸ்காரர் பின்னால் சாய்கிறார். பிறகு லத்தி.

"கை ஏற்கெனவே மேல இருக்கே. அதுக்கு முன்னாடி?"

"எங்களுக்கு வந்ததே இவ்வளவுதான்."

"பாதியிலதான் ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்களா டிவில?"

"சொல்லல."

"இவ்வளவு மெதுவாவா கை வந்துச்சு?"

"இல்ல. அது நாங்க மெதுவாக்கினது. நிஜ வேகம் இதுதான்." ஒரு பொத்தானை அழுத்தினாள். கை சடாரென்று வந்து போயிற்று. மெதுவாக ஓடும்போது கொத்த வருகிறவன் மாதிரி இருந்தது. வேகமாக ஓடும்போது மூட்டையில் கொக்கி போடுகிறவன் மாதிரி இருந்தது. மூட்டையில் கொக்கி போடவும் கையை ஓங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே மூட்டை இருந்ததா? படத்தின் ஓரத்தில் சாக்கு மாதிரி ஒரு பழுப்பு நிறம் தெரிந்தது. சாக்கா, சுவரா, யாருடைய வேட்டி நுனியா, சொல்ல முடியவில்லை. மெதுவாகப் போடச் சொன்னான், வேகமாகப் போடச் சொன்னான். கடைசியில் இரண்டு வேகத்திலும் கொத்துவதும் தெரிந்தது, கொக்கி போடுவதும் தெரிந்தது.

"அண்ணா," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "சங்கத்து வீடியோவும் எனக்கு வந்துச்சு. அது பழசு, வேற ஊரு. நாளைக்கு எவனாவது அதைக் கண்டுபிடிச்சுப் போடுவான். அப்புறம் உங்க ஆளுங்க சொல்றது எல்லாமே பொய்னு ஆயிரும். அதுக்குள்ள நீங்க பாத்ததை நேரா சொல்லுங்க. இப்பவே எடுக்குறேன். ஒரு எழுத்து மாத்த விடமாட்டேன், என் வேலை போனாலும் சரி."

அவளை நம்பலாமா என்று அவன் பார்த்தான். அன்றைக்கும் இதே முகம்தான், இதே மைக்தான். அன்றைக்கும் அவள் வெட்டவில்லை என்பது இப்போதுதானே தெரிந்தது.

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"நீங்க என்ன பாத்தீங்க?"

முதலில் மூட்டை தூக்கத்தான் கொக்கி என்றான், மேஸ்திரி வாசலில் திருப்பி அனுப்புவதைச் சொன்னான். அது சுலபமாக வந்தது. அவள் தலையாட்டிக் காத்திருந்தாள்.

"சம்பவத்தைச் சொல்லுங்கண்ணா. யாரு முதல்ல கை ஓங்கினது?"

அன்றைக்குப் பலகையில் நின்றதை நினைத்துப் பார்த்தான். பிடரியில் மூட்டை. கீழே கல்தரை. எதிரெதிரே ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நடுவில் ஒரு முழ இடம். பேச்சு உயர்ந்தது. ஒரு ஜோடி பின்னால் போயிற்று. பிறகு தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். மூட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பின்னால் போனது ரப்பர் செருப்பு. அன்றைக்கு அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பயந்து பின்வாங்குகிறவன் எப்படி ஓங்குவான்? ஆனால் டிவியில் பின்னால் சாய்கிறது போலீஸ்காரர். பார்க்கப் பார்க்க, அவன் கண்ணுக்குள் பூட்ஸ்தான் பின்னால் போயிற்று. இப்போது யோசித்தால் இரண்டும் போகின்றன. ஒரு தடவை இது, ஒரு தடவை அது. சொல்லாத வார்த்தையே சொன்னதாக ஞாபகம் இருக்கிறது. பார்த்த கால் எந்த லட்சணத்தில் இருக்கும்?

"இப்ப வேணாம்மா," என்று எழுந்தான்.

"கொக்கியைப் பத்தி சொன்னதையாவது போடவா?"

"போடு. அது மெய்தான்."

சாயங்காலப் பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு போலீஸ்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தன் அவருடைய பூட்ஸைத்தான் முதலில் பார்த்தான். அவர் இவன் முகத்தைப் பார்த்தார்.

"டிவில வந்தவன்தானே நீ? மழுப்பாம சொன்னே. உள்ளே போ."

அந்தப் பாராட்டு மூட்டையைவிடக் கனமாக இருந்தது.

மாப்பிள்ளை தலையில் கட்டோடு, ஒரு கையில் மாவுக்கட்டோடு, கட்டில் கம்பியில் பூட்டிய இன்னொரு கையோடு கிடந்தான். எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது.

"வாங்க மச்சான்," என்றான். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "டிவில ரொம்பக் கறுப்பா தெரியுறீங்க. நேர்ல அவ்வளவு மோசமில்ல."

"நீ மட்டும் என்ன, மாப்பிள்ளைக் கோலத்துலயா கிடக்குறே?" என்று சொல்லிவிட்டுக் கழுத்தன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னான். "மாப்ள, அவங்க வெட்டல. நான்தான் சொல்லல. சொன்னதா நெனச்சுட்டேன். இப்பத்தான் போய்ப் பாத்தேன். இன்னைக்குச் சொல்லிட்டேன், ஆனா அன்னைக்குச் சொல்லல."

மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் காத்துக் கிடந்தேன்," என்றான். "அவகிட்ட கேக்க முடியாது, பயந்துருவா. வக்கீல்கிட்டயும் கேக்க முடியாது." வாசலைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மச்சான். லாரியை எடுக்காதீங்க, பலகையில ஆளு நிக்குதுன்னு சொன்னது வரைக்கும் இருக்கு. அப்புறம் இந்தக் கட்டில்தான். நடுவுல ஒண்ணுமில்ல. இங்க படுத்துக்கிட்டு டிவில ஓடுற அந்த வீடியோவையே பாக்குறேன். பாத்தா நானே ஓங்கின மாதிரிதான் இருக்கு. நேத்து கனவுல ஓங்கிட்டேன்."

"மாப்ள."

"நான் ஓங்குறவனா மச்சான்? எனக்கே தெரியல. நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் ஓங்கினேனா?"

கழுத்தன் குனிந்து தரையைப் பார்த்தான். பச்சை நிறத் தரை, பினாயில் வாடை.

"நான் காலைத்தான் பாத்தேன், மாப்ள. பிடரியில மூட்டை."

"தெரியும். உங்களுக்குக் காலைப் பாத்தாப் போதுமே. யார் கால் பின்னால போச்சு?"

மணி அடித்தது. பார்வை நேரம் முடிந்தது என்று வாசலிலிருந்து போலீஸ்காரர் கூப்பிட்டார். கழுத்தன் எழுந்தான். மாப்பிள்ளையின் பூட்டிய கை அவன் சட்டை நுனியைப் பிடித்தது, எட்டுகிற அளவுக்கு.

"அவசரமா சொல்ல வேணாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றான். "அதிகாரிகிட்ட என்ன வேணா சொல்லுங்க, எனக்காகப் பொய்கூட சொல்லுங்க. எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லிருங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் நம்பப் போறேன்."

கழுத்தன் தலையாட்டப் பார்த்தான். கழுத்து வரவில்லை. சரி என்று வாயால் சொன்னான். எதற்குச் சரி என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று கண்ணை மூடிப் பார்த்தான். செருப்பு பின்னால் போயிற்று. மறுபடி மூடினான். பூட்ஸ் போயிற்று. ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள், ஏறினார்கள். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சாலைக்கு வந்தான். மாப்பிள்ளைக்கு அவன் ஒரு பதில் கடன்பட்டிருந்தான், கை ஓங்கினானா இல்லையா என்று. அதை அவன் கொடுக்கவில்லை.